பொக்கை வாயும் புளியம்பழமும்

வெயில் கூண்டின் கிழக்கு மூலைக்கு வந்ததும் அந்த இரண்டும் மெல்ல இறங்கி வந்து உட்கார்ந்தன. முதுகை மரக்கட்டையில் சாய்த்து, கால்களை அகட்டி, கைகளை முழங்கால்மேல் போட்டு, வெள்ளை வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு. வளையவால் லெமூர்கள் எல்லாமே இப்படித்தான் வெயில் காயும். அவற்றின் சொந்த மண்ணான தென் மடகஸ்காரில் குளிர்காலத்து இரவுகள் உடம்பை விறைக்க வைப்பவை. விடிந்ததும் கூட்டம் முழுதும் சூரியனைப் பார்த்து உட்கார்ந்து, உடம்பு சூடேறிய பிறகுதான் இரை தேடப் போகும். ஆனால் இது தெஹிவளை. காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர். கூண்டிலிருந்த மற்றவை நிழலில் தாவித் திரிய, இந்த இரண்டு மட்டும் வெயிலை விடவில்லை.

"மூட்டு வலி" என்றார் பெரியம்மா. வந்து நின்று ஒரு நிமிசம் ஆகியிருக்காது. "எந்திரிக்கிறப்ப பின்னங்கால ஒரு தடவ ஒதறிட்டு எந்திரிச்சுச்சு, பாத்தியா? நா காலையில செய்யிறதுதான்."

பெரியம்மா றொசல்லக்காரர். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், ரயில் பாதையும் பெருவீதியும் ஒன்றையொன்று விடாமல் ஏறிவருகிற மலையில் எங்கள் ஊர். எந்த வயதில் பேர் பதிந்து மலைக்குப் போனார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. பெண்களுக்கு ஐம்பது வயதில் ஈ.பி.எப். என்கிற சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது சட்டம். அதை எடுத்து, கூரைத் தகரம் மாற்றி, ஒரு கல்யாணமும் முடித்துவிட்டு, மறுபடி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனார். கண்ணில் பூ விழுந்து கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போன பிறகுதான் கூடையை இறக்கினார். கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்து, கிளினிக்கில் காட்டிவிட்டு, ஊருக்குத் திரும்புவதற்கு முன் இந்த மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிவந்தேன். நான் வந்தது லெமூர்களுக்காக. அவர் வந்தது யானைக்காக. ஆனால் யானையைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இந்தக் கூண்டுக்கு எதிரே இருந்த கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டில் பெரியது பெண். வால் இன்னும் அழகாகத்தான் இருந்தது. கறுப்பு வெள்ளை வளையங்கள் மாறி மாறி வந்து கறுப்பில் முடிகிற வால், உடம்பைவிட நீளம். உடம்புதான் இளைத்துப் போயிருந்தது. தோளில் முடி சிக்குப் பிடித்து, இடுப்பருகே சில இடங்களில் தோல் தெரிந்தது. வலது கண்ணின் நடுவில் பால் நிறம். பெரியம்மா கம்பிக்கருகே குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இப்படித்தான், மலையில பனி எறங்கின மாதிரி. ரெண்டு வருசம் அந்தப் பனிக்குள்ளயே கொழுந்து எடுத்தேன்."

அலுமினியத் தட்டோடு வந்த பராமரிப்பாளர் சிங்களவர். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியம்மா தன் தோட்டத்துச் சிங்களத்தில் "புத்தே", மகனே என்று கூப்பிட்டு, இவளுக்கு என்ன வயது என்று கேட்டதும் சிரித்தார். பிறந்த திகதி ஒபிஸில் பதிவேட்டில் இருக்கும்; தனக்குத் தெரிந்தது, தான் இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்தபோதே இவள் தாய் என்பதுதான் என்றார். அந்த ஆண், அவளுக்குச் சற்று இளையவன். பேர் வைக்கவில்லையா என்று பெரியம்மா கேட்டார். வைத்திருக்கிறோம், வெளியே சொல்வதில்லை, சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாள் முழுதும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்றார்.

காட்டில் இவ்வளவு முதுமைக்கே இடமில்லை. மடகஸ்காரின் தென்மேற்கில் பெஸா மஹஃபாலி என்றொரு காட்டுச் சரணாலயம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகக் கழுத்துப்பட்டி மாட்டி எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது, பிறக்கிற குட்டிகளில் ஏறக்குறையப் பாதி முதல் ஆண்டிலேயே செத்துப்போகின்றன என்பது. தாயின் முதுகிலிருந்து தவறி விழுவது, வறட்சி, பருந்து, ஃபோசா என்கிற பூனை முகத்துக் கொன்றுண்ணி, எல்லாம் காரணம். தப்பிப் பிழைத்த பெண் பதினாறு வயதைத் தொடுவது அபூர்வம்; பதினெட்டு, இருபது என்றால் பெருவாழ்வு. மிருகக்காட்சிசாலைகளிலோ இருபதைத் தாண்டிப் போகிறவை கொஞ்சம் இல்லை; இருபத்தேழைக் கடந்ததாகப் பதிவுகள் உண்டு. காட்டு லெமூருக்குக் கிடைக்காத ஏழெட்டு வருசம் கூண்டு லெமூருக்குக் கிடைக்கிறது. அந்த ஏழெட்டு வருசத்தை எப்படி வாழ்வது என்று அதன் உடம்புக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இதுவரை வந்ததில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர் தட்டோடு நிற்கிற இந்த மனிதர்தான்.

தட்டில் அவித்த வற்றாளை, பூசணி, போஞ்சி, கங்குன் கீரை. எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. இரண்டு கிழங்களுக்கும் தனித்தட்டு. அதில் கிழங்கை மசித்து வைத்திருந்தார்.

"கொரங்குக்கு வாழப்பழம் இல்லையா?" பெரியம்மாவுக்கு ஏமாற்றம். கைப்பையில் ஒரு ஆனைவாழைப்பழம் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கொடுக்கக்கூடாது என்ற பலகை பின்னாலேயே இருந்தது.

பழம் கொடுத்தால் சீனி வியாதி வரும் அம்மா என்றார் அவர். உண்மைதான். நாம் சாப்பிடுகிற வாழைப்பழம் நம் நாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. காட்டுப்பழத்தில் அந்த இனிப்பும் இல்லை, அவ்வளவு மென்மையும் இல்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் இருக்கும் பெய்ன்டன் மிருகக்காட்சிசாலை 2014இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தியது. அப்போது பத்திரிகைகள் அதைச் சிரிப்புச் செய்தியாகப் போட்டன. லெமூர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்புச் சத்து அவற்றின் ஈரலில் படிந்து தேங்கிவிடும். விட்டமின் சி நிறைந்த புளிப்புப் பழங்கள் உடம்பு இரும்பை உறிஞ்சுவதைக் கூட்டுகின்றன. காட்டு இலைகளிலும் காய்களிலும் இருக்கிற துவர்ப்பு அதைத் தடுக்கிறது. எனவே தோடம்பழத்தைக் குறை, கீரையைக் கூட்டு என்பது இன்று பல இடங்களில் வழக்கம். வைத்தியர் எழுதிக்கொடுத்த பட்டியலைக் கேட்டால் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்தது மாதிரி இருந்தது: சீனி குறை, கீரை கூட்டு, நடக்க விடு, நிறை பார்.

பெரியம்மா வாழைப்பழத்தைத் தானே உரித்துச் சாப்பிட்டார்.

கிழவி தட்டருகே வந்தாள். மசித்த கிழங்கை விட்டுவிட்டு ஒரு போஞ்சித் துண்டை எடுத்தாள். இடது பக்கமாகக் கொடுத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி மென்றாள். மெல்வதென்றால் நெடுநேரம். பாதியில் அது கீழே விழுந்தது, மறுபடி எடுத்தாள். வாயைத் திறந்தபோது வலது பக்கம் வெறும் ஈறுதான்.

லெமூருக்குப் பல் என்பது தின்பதற்கு மட்டும் இல்லை. கீழ்த்தாடையின் முன்பற்கள் ஆறும் முன்னோக்கிப் படுத்து ஒரு சீப்பாக அமைந்திருக்கும். அதைக் கொண்டுதான் தன் முடியை வாரிக்கொள்ளும், மற்றதின் முடியை வாரிவிடும். கூட்டத்தின் உறவெல்லாம் அந்தச் சீப்பில்தான் நடக்கிறது. சீப்பு உடைந்த கிழவிக்குச் சிக்குப் பிடித்த முடி ஏன் என்பது அப்போது விளங்கியது. இளைய பெண் ஒன்று வந்து அவள் கழுத்தைக் கொஞ்சநேரம் நக்கி வாரிவிட்டுப் போனது. மகளாக இருக்கலாம். பராமரிப்பாளர் மகள்தான் என்றார்.

பல் என்று வந்துவிட்டதால் புளியைச் சொல்லியாக வேண்டும். தென் மடகஸ்காரின் ஆற்றோரக் காடுகளில் வளையவால் லெமூர்களின் பெருஞ்சாப்பாடு புளியமரம். இலையும் தின்னும், பூவும் தின்னும், பழமும் தின்னும். வருசத்தின் சில மாதங்களில் சாப்பாட்டில் பெரும்பங்கு அதுவே. பழம் பெரிது, ஓடு கடினம், உள்ளே நாரும் கொட்டையும். லெமூரின் பல் எனாமலோ மெல்லியது. ஃபிராங்க் கியூஸோ, மிஷெல் சாதர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெஸா மஹஃபாலியில் உயிரோடிருக்கும் லெமூர்களின் வாயைத் திறந்து பார்த்து, வளர்ந்தவற்றில் பலவற்றுக்குப் பல் தேய்ந்து ஈறோடு போயிருப்பதையும், சிலவற்றுக்குப் பாதிக்கு மேல் பல்லே இல்லாததையும் பதிந்தார்கள். பல் போனால் காட்டுமிருகம் செத்துவிடும் என்பதுதான் பொதுவான எண்ணம். இவை சாகவில்லை. ஓடு உடைந்த புளியம்பழத்தைக் கையில் பிடித்து நக்கி நக்கித் தின்று, மற்றவற்றைவிட அதிக நேரம் சாப்பாட்டிலேயே செலவழித்து, வருசக்கணக்கில் பிழைத்திருந்தன.

இதைச் சொன்னதும் பெரியம்மா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவர் அப்பாயி பொக்கை வாயோடு ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துப் பல வருசம் சாப்பிட்டவராம். "பல்லு போனா யாரு சாகுறா. குடுக்குறதுக்கு ஆளு இல்லாமதான் சாகுறாங்க."

வளையவால் லெமூரைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் நிறைய மடகஸ்காரின் ஒரு தோட்டத்திலிருந்து வந்தது என்பதைப் பெரியம்மாவிடம் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்; இங்கே எழுதுகிறேன். மன்ட்ராரே ஆற்றங்கரையில் பெரென்டி என்ற இடத்தில் டி ஹோல்ம் என்கிற பிரெஞ்சுக் குடும்பம் 1936இல் சிசல் தோட்டம் போட்டது. கயிறு திரிக்கிற அந்தக் கற்றாழை இனத்துக்காகக் காட்டை வெட்டியவர்கள், ஆற்றோரம் புளியமரக் காடு ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். 1963இல் அங்கே போன அமெரிக்கப் பெண் அலிசன் ஜோலி, 2014இல் இறக்கும்வரை திரும்பத் திரும்ப அங்கே போய்க்கொண்டிருந்தார். இந்த இனத்தில் பெண்தான் தலைமை, வளர்ந்த ஆண் எவனும் எந்தப் பெண்ணுக்கும் இடம்விட்டே ஆகவேண்டும் என்பதை முதலில் எழுதியவர் அவர்தான். 1966இல் வந்த அவருடைய புத்தகத்தைப் படித்த விஞ்ஞானிகள் பலர் லேசில் நம்பவில்லை. சுற்றிலும் தோட்டம், நடுவில் ஒரு துண்டுக் காடு: றொசல்லயிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த வரைபடம் புதிதில்லை.

பெண் தலைமையைப் பற்றி மட்டும் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன்; அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். கிழவனுக்கென்று வைத்த தட்டிலிருந்து அவன் ஒரு வாய் எடுப்பதற்குள் இளைய பெண் ஒன்று வந்து முன்னால் நின்றது. அடிக்கவில்லை, கத்தவில்லை. நின்றது, அவ்வளவுதான். அவன் பம்மிய குரலில் ஏதோ முனகிவிட்டு ஒதுங்கினான். பராமரிப்பாளர் தட்டை எடுத்து, கிழவனைப் பக்கத்துச் சிறு அறைக்குக் கூப்பிட்டு, கதவை அடைத்து, அங்கே வைத்துக் கொடுத்தார். தினமும் இப்படித்தானாம். கிழவிக்கும் முன்பு மாதிரி மரியாதை இல்லை. இப்போது மகளின் கைதான் ஓங்கியிருக்கிறது. நம்மூர்ச் செங்குரங்குக் கூட்டத்தில் தாயின் அந்தஸ்து மகளுக்கு இறங்கும். லெமூரில் அப்படி உறுதியாக ஒன்றும் கிடையாது. அவளவள் பிடித்துக்கொள்ள வேண்டியது, வயது போனால் விட்டுவிட வேண்டியது.

"பொம்பள ராச்சியம்னு சொன்னியே, கெழவியாயிட்டா அங்கயும் இதே கததானா" என்று என்னைப் பார்த்தார், சட்டம் போட்டவன் நான்தான் என்பது போல.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. பராமரிப்பாளர் ஒரு தட்டைத் தராசை உள்ளே கொண்டுபோய் வைத்தார். மேலே ஒரு மரப்பெட்டி. கிழவி தானாகவே வந்து பெட்டியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். ஒரு சின்னக் கிழங்குத் துண்டு கைக்கு வந்தது. அவர் எண்ணைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். வளர்ந்த வளையவால் லெமூர் சுமார் இரண்டேகால் கிலோ. அவள் அதற்குக் கீழே இருந்தாள். வயதான மிருகத்தில் நோயை முதலில் காட்டுவது நிறைதான். வலியை மறைப்பது அவற்றின் வழக்கம். காட்டில் நொண்டினால் பருந்து பார்த்துவிடும். சிறுநீரகம் பழுதுபட்டாலும், பல் வேர் சீழ்பிடித்தாலும், கடைசிவரை ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். வாராவாரம் எழுதுகிற எண் மட்டும் மெல்ல இறங்கும்.

தராசைக் கண்ட பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பெட்டிக்கு எத்தன கழிச்சீங்க, புத்தே?" சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கொழுந்து நிறுக்கும்போது கழித்ததைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கேள்வி அது. பெட்டியோடு சேர்த்துப் பூச்சியத்தில் வைத்துவிட்டுத்தான் நிறுத்தேன் என்று அவர் தராசைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

மாத்திரை கொடுக்கிற வித்தையும் கேட்டோம். மனிதருக்கும் நாய்க்கும் கொடுக்கிற மூட்டுவலி மருந்தான மெலொக்சிகம் இப்போது உலகம் முழுக்கக் கிழ மிருகங்களுக்குக் கொடுக்கப்படுகிறது, அளவைக் கணக்குப் பார்த்து. எதிலாவது பொதித்துக் கொடுத்தால் லெமூர் பொதியைத் தின்றுவிட்டு மருந்தைத் துப்பும். இன்று எதில் பொதிந்தோமோ அதை நாளைக்கு முகர்ந்து பார்த்தே விலக்கிவிடும். அதனால் பொதியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையில் வருவது. மரக்கட்டைகளைத் தாழ்த்திக் கட்டுவது, தாவ முடியாத இடத்தில் சாய்பலகை வைப்பது, கயிற்றைத் தடிப்பாக மாற்றுவது, மழை நாளில் சூட்டு விளக்குப் போடுவது: வயதான லெமூரை வைத்திருப்பவர்கள் எங்கும் செய்கிற வேலைகள் இவை. இந்தக் கூண்டிலும் ஒரு பக்கம் படிப்படியாகக் கட்டைகள் இறங்கி வந்திருந்தன. பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? "ஐயோ, சும்மா உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது.

தெஹிவளை பெரிய இடம் இல்லை. இருபது ஏக்கரைக் கொஞ்சம் தாண்டும். வண்டலூர் மிருகக்காட்சிசாலை 602 ஹெக்டேர் என்று நினைத்துக்கொண்டால் அளவு புரியும். ஜெர்மானிய மிருக வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகென்பெக் தொடங்கிய தோட்டம், அவருடைய கம்பனி நொடித்த பிறகு 1936இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இங்கே பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ்தான் 1973இல் திறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு ஆலோசகர். கம்பிக்குப் பதில் அகழி என்கிற அந்த ஊரின் பெயர்பெற்ற வடிவத்தில் கொழும்புக்காரர் ஒருவரின் கை இருக்கிறது. கூண்டு என்றால் எனக்கு உவப்பில்லை. ஆனால் இந்த வயதில் இந்த இரண்டையும் திறந்துவிட்டால் போக இடம் எது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2017 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டில் இவை 2,000 முதல் 2,400 வரைதான் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டன. அந்தக் கணக்கு மிகக் குறைவு என்று மறுத்தவர்களும் உண்டு. காடு சுருங்குகிறது, கரிக்காக மரம் வெட்டுகிறார்கள், வீட்டில் வளர்க்கப் பிடிக்கிறார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பெரியம்மா இன்னொன்றையும் கண்டுபிடித்தார். "இதும் தேவாங்கும் ஒரே சாதியா? அந்தக் காலைப் பாரு." பின்னங்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நீண்ட நகம், சொறிவதற்கென்று. சின்ன வயதில் காட்டோரத் தேயிலை மலையில் கவ்வாத்து நடந்தபோது பார்த்த தேவாங்குக்கும் அதே நகம் என்றார். சரியாகத்தான் சொன்னார். இலங்கையில் லெமூருக்கு இருக்கிற ஒரே நெருங்கிய சொந்தம் தேவாங்கு; அதே சொறிநகம், அதே பற்சீப்பு. ஹோர்டன் சமவெளியின் குளிருக்கென்று மயிரடர்ந்த ஒரு வகையும் எங்கள் மலைநாட்டில் உண்டு. அதை 1942இல் விவரித்து எழுதியவர் கொழும்பு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஓஸ்மன் ஹில். வீட்டையே ஒரு மிருகக்காட்சிசாலையாக வைத்திருந்த மனிதர். 1945இல் நாட்டை விட்டுப் போகும்போது அவர் வளர்த்தவற்றில் ஒரு பகுதி லண்டனுக்கும் ஒரு பகுதி இதே தெஹிவளைக்கும் வந்தன. லெமூரும் தேவாங்கும் அடங்கிய வரிசையைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1953இல் வெளிவந்தது. 1937க்குப் பிறகு நாலே தடவைதான் கண்ணில் பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மலைத் தேவாங்கின் முதல் படங்கள் 2010இல்தான் உலகுக்கு வந்தன.

தேவாங்கின் கண்ணீர் கண்நோய்க்கு மருந்து என்றொரு நம்பிக்கை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது. அதற்காகவே எத்தனையோ தேவாங்குகள் பிடிபட்டன. பெரியம்மாவுக்கும் கண்ணில் பூ விழுந்தபோது யாரோ சொன்னார்களாம். "அந்தப் பாவத்த எதுக்கு. கண்ணு தெரியாட்டி தடவிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்."

கிழவியின் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்ய முடியுமா என்று பராமரிப்பாளரிடம் கேட்டோம். லெமூர்களுக்குக் கண்புரை அகற்றிய வைத்தியர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் மயக்க மருந்துதான் இந்த வயதில் பயம். சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் சொட்டுமருந்து விடவேண்டும், அதற்கு ஒவ்வொரு தடவையும் பிடிக்க வேண்டும். அவள் தட்டு எங்கே, கட்டை எங்கே என்று மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்றார் அவர். கூண்டுக்குள் தாங்கள் எதையும் இடம் மாற்றுவதில்லையாம். அவ்வளவுதான் இப்போதைக்கு வைத்தியம்.

அந்த வரியைத்தான் நான் பஸ்ஸில் நெடுநேரம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றையும் இடம் மாற்றாமல் இருப்பது. அவிசாவளை தாண்டி, கித்துல்கல தாண்டி, கினிகத்தேனைக்கு பஸ் மலை ஏறும்வரை. தோட்டத்தில் கைக்குழந்தைகளுக்குப் பிள்ளைக் காம்பரா உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, அதற்குச் சம்பளம் உண்டு. பெரட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால்தான் மலையில் வேலை நடக்கும் என்பதால் வந்த ஏற்பாடு அது. வேலைக்கு உதவாத வயதுக்கு அப்படி ஓர் இடத்தை எங்கள் டிவிசனில் நான் பார்த்ததில்லை. மகனும் மருமகளும் கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்ய, லயத்தில் தனியாக இருக்கிற கிழவிகள் கான் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணிக் குழாய்க்குப் போகிறார்கள். மலையக மக்களை எது எதோடெல்லாமோ ஒப்பிட்டு எழுதியவர்கள் முன்பே உண்டு. அந்த வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்வது அந்த மனிதரின் வேலையைப் பற்றி. மசிப்பது, நிறுப்பது, கட்டையைத் தாழ்த்துவது, மாத்திரையை இன்று எதில் பொதிவது என்று யோசிப்பது. இது ஒரு தொழில். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும், நேரம் வேண்டும், கொப்பி வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். நம் வீடுகளில் இதைப் பாசம் என்று பெயரிட்டு, ஏதாவதொரு பெண்ணின் தலையில் சும்மா கட்டிவிடுகிறோம். அந்தப் பெண்ணும் கொழும்புக்குப் போய்விட்டால் அதோடு முடிந்தது.

பெரியம்மாவுக்கு இந்த யோசனையெல்லாம் இல்லை. யானையைப் பார்க்க மறந்தது கினிகத்தேனையில்தான் நினைவு வந்தது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பார்க்கலாம் என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

மறுநாள் லயத்து வாசலில் கதை நடந்தது. மேட்டு லயத்திலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வால் வளையம், வாழைப்பழம் கிடையாது, மகள்காரி தாயை ஒதுக்கிவைத்தது, தராசில் ஏறிக் கை நீட்டியது என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் நான் பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக. லெமூருக்குக் கண்ணில் பூ விழுந்த இடம் வந்ததும், அடுத்த மாதம் கண் ஆஸ்பத்திரிக்குத் திகதி கிடைத்திருக்கிற பக்கத்துக் காம்பரா அக்கா குறுக்கிட்டார்.

"அதும் விடியக்காத்தால போயி நம்பர் எடுத்து வரிசையில நிக்கணுமா?"

"அதுக்கென்ன," என்றார் பெரியம்மா, "டாக்டர்தான் கூண்டுக்கு வர்றாரு."